வாய் உலர்ந்தவருக்குப் பற்பசை சொல்லும்போது நேரும் தவறுகள்

புதிதாக நியமனம் பெற்று மலையகத்துக்கு வரும் இளம் பல் மருத்துவர்கள், வாய் நாற்றம் என்று வருபவருக்கு நான் அந்நாளில் எழுதிக்கொடுத்த அதே பற்பசையையே எழுதிக்கொடுக்கிறார்கள். நாக்கை வழிக்கச் சொல்ல மறப்பது, வெற்றிலைப் பழக்கத்தை விசாரிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை சில மாதங்களில் தாமாகவே திருந்திவிடும்.

நுரையைச் சுத்தம் என்று எண்ணுவது

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், "பேரப்பிள்ளையைக் கிட்ட எடுக்கவே கூச்சமா இருக்குங்க ஐயா" என்று வந்தார். பரிசோதித்தபோது என் சிறு கண்ணாடி அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. உமிழ்நீர் வற்றிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. நானோ அதைப் பிரித்தெடுத்துவிட்டு, காரமான புதினாச் சுவையும் நிறைய நுரையும் கொண்ட பற்பசையையும், மதுசாரம் கலந்த வாய்கொப்பளிப்பானையும் எழுதினேன். ஆறு வாரங்களில் திரும்பி வந்தவருக்கு நாக்கு சிவந்திருந்தது. இளஞ்சூடான பிளேன்டீகூட எரிந்தது. நாற்றம் அப்படியே இருந்தது. இன்றும் நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது.

நாக்கின் பின்பகுதியில் தங்கும் பற்றீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது வெளிவரும் ஐதரசன் சல்பைட்டு, மெதைல் மேர்கப்டன் ஆகிய கந்தக வாயுக்களே பெரும்பாலும் அந்த நாற்றத்துக்குக் காரணம். நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரக்கும் உமிழ்நீர் குறைந்தால், அவற்றைக் கழுவிச் செல்ல எதுவும் இல்லை. சோடியம் லோரில் சல்பேற்று நுரையைத் தருகிறது. ஆனால் உமிழ்நீரின் காப்பு இல்லாத மென்சவ்வை அது உறுத்துகிறது. புதினாவின் மென்தோல் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறதே தவிர, வாயுவை அகற்றுவதில்லை. மதுசாரம் உலர்வைக் கூட்டக்கூடும். கந்தகத்தைப் பிணைப்பவை துத்தநாக உப்புகள். பெட்டியின் பின்புறத்தில் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

புளோரைட்டையும் சேர்த்து விலக்குவது

நுரையில்லாப் பசையைத் தேடிச் சென்று, புளோரைட்டு இல்லாத மூலிகைப் பசையோடு திரும்புவோர் பலர். உமிழ்நீர் குறைந்த வாயில் பல்லின் வேர் விரைவாகச் சொத்தையாகும். உலர்வலய நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுதி. நம் மலையகத்துப் பீலித் தண்ணீரில், அதாவது ஊற்றுநீரில், அது பொதுவாகக் குறைவு. ஆகவே பெரியவர்களுக்கு 1450 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1450 பங்கு) புளோரைட்டு உள்ள பசையைத்தான் சொல்ல வேண்டும்.

கரி கலந்த பசை

வெளித்தெரியும் வேரை அது மேலும் தேய்க்கும். வேண்டாம்.

துலக்கியபின் கொப்பளிக்கச் சொல்வது

துப்பினால் போதும்.

குளிசைப் பையைப் பார்க்காமல் விடுவது

அந்த அம்மா நரம்பு வலிக்காக இரவில் அமிற்றிப்ரிலின் எடுத்துவந்ததை இரண்டாம் முறைதான் கேட்டறிந்தேன். சில ஒவ்வாமைக் குளிசைகளும் இவ்வாறே வாயை உலர்த்தும். அவற்றை நாமாக நிறுத்தக்கூடாது. எழுதிய மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். அவருடைய மருத்துவர் அளவைக் குறைத்தார், நான் பசையை மாற்றினேன். ஆனால் அதற்குள் கீழ்த்தாடையில் இரண்டு பற்களின் வேர் கெட்டிருந்ததால், அவற்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று.