ரிவர்ட் என்றால் பதில் போடுவதா?

அலுவலக மின்னஞ்சலின் கடைசி வரியில் 'கைண்ட்லி ரிவர்ட்' என்று போடாவிட்டால் சிலருக்கு ஏதோ குறை வைத்த மாதிரி இருக்கும். 'ப்ளீஸ் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்', 'ஐ வில் ரிவர்ட் பை ஈவினிங்', இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் 'ரிவர்ட் பேக்'. எல்லாவற்றிலும் எழுதுகிறவர் மனதில் இருப்பது ஒன்றுதான்: பதில் போடு. இந்தியாவில் மட்டுமில்லை, சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களிலும் இதே வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் பழக்கமில்லாத ஒரு லண்டன்காரர் முதல்முறை இதைப் படித்தால் முழிப்பார். 'எதற்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்?' என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். நடுவில் ஒரு மாற்றம் வந்திருக்க வேண்டும். அது போய், முன்பு இருந்த இடத்துக்கே வர வேண்டும். லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'வெர்டெரே' என்றால் திருப்புதல். கன்வர்ட், இன்வர்ட், டைவர்ட் எல்லாம் இதே வேரில் முளைத்தவை. நம் பேச்சில் இதற்குக் கச்சிதமான சொலவடை இருக்கிறது: வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. விக்கிரமாதித்தன் பாடுபட்டு இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான். அவன் வாயைத் திறந்ததும் அது கிளம்பிப் போய் மறுபடி தலைகீழாகத் தொங்குகிறது. வேதாளம் செய்தது ரிவர்ட். வேதாளத்தின் கேள்விக்கு விக்கிரமாதித்தன் சொன்னது ரிப்ளை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தோளில் இருப்பது யார் என்றே தெரியாமல் போகும்.

உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூரும் வேலூரும் ஆங்கிலத்தில் ஆளே அடையாளம் தெரியாமல் மாறின. கேலியும் குழப்பமுமாகச் சில நாள் ஓடியதும் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டல்கள் ரிவர்ட் ஆயின. இங்கே அந்தச் சொல் அச்சாகப் பொருந்தும்.

இன்னும் பெரிய உதாரணம் ஜப்பானின் ஒகினாவா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் வசம் இருந்த அந்தத் தீவுகள் 1972 மே 15 அன்று மீண்டும் ஜப்பானிடம் வந்தன. இந்த நிகழ்வை ஆங்கிலத்தில் 'ஒகினாவா ரிவர்ஷன்' என்றே சொல்கிறார்கள். ரிவர்ட்டின் பெயர்ச்சொல் ரிவர்ஷன். 'ரிவர்ஸல்' இல்லை, அது ரிவர்ஸின் பிள்ளை. ஒகினாவா கதை அதோடு முடியவில்லை. அமெரிக்கர்கள் அங்கே சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்ட வைத்திருந்தார்கள், ஜப்பானிலோ இடப்பக்கம். 1978 ஜூலை 30 அன்று, ஒரே நாளில், ஒகினாவா முழுக்க வண்டிகள் இடப்பக்கத்துக்கு வந்தன. போருக்கு முன்பும் அங்கே இடப்பக்கம்தான் என்பதால் அதுவும் ரிவர்ட்தான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து இடப்பக்கம் ஓட்டிவந்த பர்மா 1970இல் வலப்பக்கம் மாறியதற்கு இந்தச் சொல்லைப் போட முடியாது. அது வெறும் சேஞ்ச் அல்லது ஸ்விட்ச்.

அதனால் எழுதும் முன் 'பழையபடி' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். சிகரெட்டை விட்டவர் பழையபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார்: 'ஹி ரிவர்டெட் டு ஸ்மோக்கிங்', சரி. 'வெள்ளிக்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடுகிறேன்' என்றா வாடிக்கையாளருக்கு எழுத நினைத்தீர்கள்?

சட்ட ஆவணங்களில் இந்தச் சொல்லுக்குச் சொத்து வாசனை உண்டு. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளரிடம் திரும்புவதை ரிவர்ட் என்பார்கள். பழைய இந்துச் சட்டத்தில், கணவன் விட்டுப்போன சொத்தை விதவை ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், ஆனால் முழு உரிமை கிடையாது. அவர் காலத்துக்குப் பிறகு அது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அப்படிக் காத்திருந்த வாரிசுகளுக்குக் கோர்ட் பாஷையில் ரிவர்ஷனர் என்று பெயர். 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பெண்ணின் அந்த அரைகுறை உரிமையை முழு உரிமையாக்கியது. பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் ரிவர்ஷனர்கள் இன்னும் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். இந்தப் பின்னணி தெரிந்த வக்கீலுக்கு 'தி டாக்குமெண்ட்ஸ் வில் பி ரிவர்டெட் டு யூ' என்று எழுதாதீர்கள். காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ரிட்டர்ன் இருக்கிறது.

உண்மையில் சிக்கல் வருவது மென்பொருள் ஆட்களுக்கு. அங்கே ரிவர்ட் ஒரு கட்டளை. கோடில் (நிரல் வரிகளில்) செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில், ஒரு கமிட்டை, அதாவது பதிந்துவைத்த ஒரு மாற்றத்தை, ரிவர்ட் செய்தால் பழைய கமிட் அழியாது. அது செய்த மாற்றத்தைத் தலைகீழாகச் செய்யும் புதிய கமிட் ஒன்று மேலே சேரும். ஆங்கில விக்கிபீடியாவிலும் ஒருவரின் திருத்தத்தை நீக்கிப் பழைய வடிவத்தைக் கொண்டுவருவது ரிவர்ட்தான். அங்கே 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் அதைச் செய்யக் கூடாது என்று விதியே உண்டு. இப்போது மாலை ஐந்தரைக்கு டீம் லீட் அனுப்பும் ஒரு வரியைப் பாருங்கள்: 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி லாகின் சேஞ்ச் பிஃபோர் செவன்.' லாகின் மாற்றத்தைப் பற்றி ஏழு மணிக்குள் சொல் என்பது அவர் எண்ணம். படிப்பவர் அவசரத்தில் அந்தச் சின்ன 'ஆன்' என்பதைத் தவறவிட்டால், ஏழு மணிக்கு லாகின் மாற்றமே இருக்காது. குற்றம் யார் மேல்? நான் எழுதியவர் பக்கம்தான் கை காட்டுவேன்.

வங்கி விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. யூபிஐயில் பணம் போய், எதிராளிக்குச் சேராமல், நம் கணக்குக்கே வந்துவிட்டால் 'அமௌண்ட் ரிவர்ட் ஆயிடுச்சு' என்கிறோம். பரிவர்த்தனை ரத்தாகித் திரும்பினால் ரிவர்ஸ், கடைக்காரர் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தால் ரீஃபண்ட். கஸ்டமர் கேரில் புகார் எழுதும்போது இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னால் அவர்கள் தேட வேண்டிய இடம் சட்டென்று தெரியும்.

இலக்கணத்தில் சொல்ல அதிகமில்லை. 'ரிவர்ட் பேக்' என்பது நடு சென்டர் மாதிரி, திரும்ப என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'ரிவர்ட் மீ', 'ரிவர்ட் அஸ்' இரண்டுமே மோசம். என்னைப் பழைய ஆளாக்கு என்ற தொனி வந்துவிடும்.

சரி, இத்தனை பேர் பதில் என்ற பொருளில் எழுதுகிறார்களே, இது எங்கிருந்து வந்திருக்கும்? பேச்சில் விட்ட இடத்துக்குத் திரும்புவதையும் ஆங்கிலத்தில் ரிவர்ட் என்பார்கள். 'டு ரிவர்ட் டு யுவர் ஃபர்ஸ்ட் கொஸ்டின்' என்றால், உங்கள் முதல் கேள்விக்கு மறுபடி வருகிறேன் என்று பொருள். கேள்விக்குத் திரும்புவது நாளடைவில் கேட்டவரிடம் திரும்புவதாக மாறியிருக்கலாம் என்பது என் ஊகம். இன்று 'இந்திய ஆங்கிலம்' என்ற குறிப்போடு சில அகராதிகளே இந்தப் பொருளைச் சேர்த்துவிட்டன. பக்கத்து டெஸ்க்காரருக்கு எழுதும்போது ரிவர்ட் போட்டால் யாரும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் மெயிலில் இதைத் திருத்திக்கொண்டிருப்பதும் வெட்டி வேலை. ஆனால் ஐஇஎல்டிஎஸ் தேர்விலும், வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் கடிதத்திலும், ஒப்பந்தங்களிலும், கோட் மாற்றம் பற்றிய எந்தச் செய்தியிலும் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மாற்று ஒன்றும் கஷ்டமில்லை. ரிப்ளை, ரெஸ்பாண்ட், 'கெட் பேக் டு', 'லெட் மீ நோ'. ரிவர்ட்டை விட்டுவிட்டு அடுத்த குழியில் விழுகிறவர்களும் உண்டு: 'ப்ளீஸ் ரிப்ளை மீ'. ரிப்ளைக்கும் ரெஸ்பாண்டுக்கும் பின்னால் 'டு' வேண்டும்: 'ரிப்ளை டு மீ', 'ரெஸ்பாண்ட் டு திஸ் மெயில்'. ஆன்ஸருக்கு அது வேண்டாம்: 'ஆன்ஸர் மீ', 'ஆன்ஸர் தி மெயில்'. இந்த 'டு' தொல்லையே வேண்டாம் என்றால் 'லெட் மீ நோ பை ஃப்ரைடே' என்று முடித்துவிடலாம்.