உங்கள் தெருவுக்கு ஃபைபர் வரும்வரை என்ன செய்யலாம்

புதிதாகப் போடும் மனைகளில் ரோடு போடும்போதே ஃபைபருக்கும் (இணையத்தை ஒளியாகக் கொண்டு வரும் கண்ணாடி இழைக் கேபிள்) சேர்த்துக் குழாய் பதித்துவிடலாம். ஆள் குடியிருக்கும் பழைய தெருவில் அப்படி முடியாது. போட்ட ரோட்டைத் தோண்ட அனுமதி வேண்டும், கம்பத்தில் கட்டுவதென்றால் கம்பத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும், தோண்டியதைப் பழையபடி மூடித் தரவும் வேண்டும். செலவில் பெரும்பங்கு இந்த வேலைக்கே போய்விடுகிறது, கேபிளின் விலை அதற்குப் பக்கத்தில் சின்னதுதான். அதனால்தான் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்தது அங்கேயே நின்றுவிடுகிறது.

முதலில் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். தெருவில் கேபிள் ஓடுகிறது என்பதற்காக உங்களுக்கு இணைப்பு கிடைத்துவிடாது, அது செல்போன் கோபுரத்துக்கோ வேறு ஊருக்கோ போகும் கேபிளாக இருக்கலாம். வீடுகளுக்கானது என்றால் வழியில் ஸ்ப்ளிட்டர் இருக்கும். ஒரே ஃபைபரில் வரும் ஒளியை மின்சாரமே இல்லாமல் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அதுதான். வீடுகளுக்கான இழை பிரிவது கம்பத்திலோ சுவரிலோ மாட்டிய சின்னப் பெட்டியிலிருந்து. அந்தப் பெட்டியில் போர்ட் (இழை செருகும் இடம்) எல்லாம் நிரம்பிவிட்டால் எதிர்வீட்டில் இணைப்பு இருக்கும், உங்களுக்கு மட்டும் "இல்லை" என்பார்கள். அப்படியானால் சந்தோஷப்படுங்கள், கூடுதல் பெட்டி மாட்டுவது தெருவைத் தோண்டுவதைவிட எவ்வளவோ எளிது.

வாடிக்கையாளர் சேவையில் "எப்போது வரும்?" என்று கேட்டால் "விரைவில்" என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, சர்வே முடிந்ததா, தோண்ட அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்றா, எந்தப் பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு லைன் வரும் என்று தனித்தனியாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தெருவில் ஏணி போட்டு வேலை பார்ப்பவர்களிடமும் பேசுங்கள், எது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் தெருவைச் சேர்க்க வேண்டும், மெனக்கெட வேண்டியது இங்கேதான். இத்தனை மீட்டர் தோண்டினால் எத்தனை வீடு சந்தா கட்டும் என்பதுதான் நிறுவனத்தின் கணக்கு, தனியாக ஒருவர் பத்து முறை கேட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. கதவு எண், இப்போது என்ன இணைப்பு, ஃபைபர் வந்தால் எடுப்பீர்களா, இந்த மூன்றையும் வீடு வீடாகக் கேட்டு ஒரே தாளில் எழுதி ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்புங்கள், சின்ன ஆபரேட்டர்களையும் விடவேண்டாம். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதக் கடிதத்தையும், மாடிக்குக் கேபிள் ஏறும் வழியையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். தெரு வரை வந்த கேபிள் வாசலிலேயே மாதக்கணக்கில் காத்துக் கிடப்பது இவை முடிவாகாததால்தான்.

இடைப்பட்ட காலத்துக்கு நீண்ட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மாதாமாதம் கட்டும் பிளான் போதும். செல்போன் சிம் போடும் ரௌட்டர் என்றால் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வையுங்கள், இடம் மாற்றினாலே வேகம் மாறும். பழைய தாமிரக் கம்பி இணைப்பு மெதுவாக இருந்தால் முதலில் கணினியை லேன் கேபிளால் ரௌட்டரில் செருகிப் பாருங்கள், அதில் நன்றாக வந்தால் குறை வைஃபையில்தான்.

வீட்டையும் தயார் செய்துகொள்ளலாம். வெளிச்சுவரிலிருந்து வீட்டுக்குள் மோடம் பெட்டி வைக்கப் போகும் இடம் வரை பைப் போட்டு உள்ளே ஒரு கயிற்றை விட்டு வையுங்கள், பிறகு கேபிளை அதில் கட்டி இழுத்துவிடலாம். பைப்பில் கூர்மையான எல்போ வேண்டாம், வளைவு அகலமாக இருக்கட்டும்: சாதாரண ஃபைபர் 30 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைந்தால் ஒளி கசியும், வீட்டுக்கென்றே வரும் வளையும் வகைகூடப் பெரும்பாலும் 10 அல்லது 7.5 மி.மீ. வரைதான் தாங்கும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக இறங்கட்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வரும். மோடம் பெட்டி வைக்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இணைப்புக் கொடுக்க ஆள் வரும் நாளில் அவருடைய ஒளி அளக்கும் மீட்டரில் வரும் அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரவலாக உள்ள ஜிபான் (ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டரால் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறை) வகையில் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு, மைனஸ் எண் பெரிதானால் ஒளி குறைவு) கிட்டத்தட்டக் கடைசி எல்லை, முதல் நாளே அதையொட்டி இருந்தால் இணைப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவர் கிளம்பிய பிறகு வரவழைப்பது கஷ்டம். கேபிள் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கண்ணைப் பாதிக்கலாம். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பழைய இணைப்பை அன்றே துண்டிக்காதீர்கள். புதியது ஓரிரு வாரம் ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் நிறுத்தலாம்.