பொது உறுப்பு காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

3, 7, 11, 15, … என்ற தொடர்வரிசையின் பொது உறுப்பு என்ன என்று கேட்டால், பலர் சட்டென்று எழுதுவது 'க + 4'. (உறுப்பு நிற்கும் இடத்தின் எண்ணை இங்கே க என்று வைத்துக்கொள்வோம்.) ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட 4 கூடுதல் என்று அவர்கள் கண்டது சரியே. ஆனால் அது பக்கத்து உறுப்போடு உள்ள உறவு. பொது உறுப்பு என்பதோ இடத்துக்கும் மதிப்புக்கும் உள்ள உறவு. நூறாவது இடம் என்று சொன்ன மாத்திரத்தில், முந்தைய 99 உறுப்புகளைத் தொடாமலேயே அது விடை தர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

க ஒன்று கூடும்போது மதிப்பு 4 கூட வேண்டுமானால் க-வை 4 ஆல் பெருக்கியாக வேண்டும். 4க என்பது 4, 8, 12, 16 எனத் தருகிறது. எல்லாமே 1 அதிகம். ஆகவே விடை 4க − 1. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இன்னொரு விதமாகச் சறுக்குகிறார்கள்: 3 + 4(க − 1) என்பதற்குப் பதில் 3 + 4க என்று எழுதிவிடுகிறார்கள். முதல் உறுப்புக்குப் பொது வித்தியாசத்தை, அதாவது 4-ஐ, ஒரு தடவைகூடக் கூட்டவில்லை, இரண்டாவதற்கு ஒரு தடவைதான் கூட்டினோம் என்று யோசித்தால், (க − 1) எங்கிருந்து வருகிறது என்பது மறக்கவே மறக்காது.

ஒவ்வொரு உறுப்பையும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்ததைப் பெறும் பெருக்குத் தொடர்வரிசையிலும் இதே (க − 1) தான். 3, 6, 12, 24, … என்பதற்கு 3 × 2^(க − 1) (^ என்பது அடுக்கைக் குறிக்கிறது). இதை 6^(க − 1) என்று சுருக்கக் கூடாது. அடுக்கு 2-க்கு மட்டுமே உரியது. சிலர் இதற்கு 3க என்று எழுதி, 3, 6 வருகிறதே என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மூன்றாவது இடத்தில் 9 வந்து நிற்கும். சரிபார்க்க முதல் இரண்டு உறுப்புகள் போதாது. நான்காவது வரையாவது இட்டுப் பார்க்க வேண்டும்.

குறி மாறிமாறி வந்தால், முதல் உறுப்பு மிகையா குறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிகை என்றால் (−1)^(க + 1) ஆலும், குறை என்றால் (−1)^க ஆலும் பெருக்குங்கள்.

வித்தியாசங்கள் சமமாக இல்லாதபோது பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதுவும் தவறுதான், ஏனென்றால் அழகான வேலை அங்கேதான் தொடங்குகிறது. 4, 9, 18, 31, 48 என்பதை எடுத்துக்கொள்வோம். வித்தியாசங்கள் 5, 9, 13, 17. அவற்றின் வித்தியாசம், அதாவது இரண்டாம் வித்தியாசம், எப்போதும் 4. உடனே 4க² என்று எழுதிவிடக் கூடாது. க²-இன் இரண்டாம் வித்தியாசமே 2 என்பதால், 4-ஐப் பாதியாக்கி 2க² என்று எடுக்க வேண்டும். 2, 8, 18, 32, 50 ஆகியவற்றை மூல உறுப்புகளிலிருந்து கழித்தால் மீதி 2, 1, 0, −1, −2. இது 3 − க. ஆக, பொது உறுப்பு 2க² − க + 3. கழித்த மீதி இப்படி ஒழுங்காக வந்து நிற்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியை எந்த மாணவரும் இழக்கக் கூடாது.

அதே சமயம் சில உறுப்புகளை மட்டும் நம்பி முடிவுகட்டுவதும் ஆபத்து. வட்டத்தின் மீது புள்ளிகளைக் குறித்து எல்லாவற்றையும் நேர்கோடுகளால் இணைத்தால், உள்ளே கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பகுதிகள் 1, 2, 4, 8, 16 என்று வளரும். 2^(க − 1) என்று யாருக்கும் தோன்றும். ஆறாவது புள்ளிக்கு வருவதோ 32 அல்ல, 31. எண்கள் எப்படிப் பிறந்தன என்று கணக்கில் சொல்லியிருந்தால், சூத்திரத்தை அதிலிருந்தே பெற வேண்டும்.

உறுப்புகளின் கூடுதல் (கூட்டுத்தொகை) தரப்பட்டு உறுப்பைக் கேட்கும் கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. முதல் க உறுப்புகளின் கூடுதல் க² + 1 என்றால், முந்தைய கூடுதலைக் கழிக்க 2க − 1 கிடைக்கிறது. ஆனால் முதல் உறுப்புக்கு முந்தைய கூடுதல் என்று ஒன்றும் இல்லை. ஆகவே முதல் உறுப்பு 2. 2க − 1 என்பது இரண்டாவது உறுப்பிலிருந்துதான் பொருந்தும். இரண்டையும் தனித்தனியாக எழுதினால்தான் விடை முழுமை பெறும்.