பழைய மஸ்டாங்கில் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது எப்படி

1967 ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி8 எஞ்சின். ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு குறையும் இல்லை. ஜூலை மாத வெயிலில் சிக்னலில் நாலு நிமிடம் நிற்க வைத்துவிட்டால் மட்டும் சூட்டு முள் மெதுவாக மேலே நகர ஆரம்பிக்கும், நமக்கும் வியர்க்க ஆரம்பிக்கும். பழைய அமெரிக்க மஸில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இந்தக் கதை தெரிந்திருக்கும்.

காரணம் எளிது. இந்தக் கார்களில் ஃபேன் வாட்டர் பம்ப்பின் முனையிலேயே போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது, பெல்ட் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். வண்டி நின்றுகொண்டு எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் காற்று அதிகம் தேவை, அப்போது பார்த்து ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் வந்து அடிக்கும், அங்கே ஃபேன் வேகமாகச் சுற்றி எஞ்சின் சக்தியைத்தான் தின்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினால் இந்தத் தலைகீழ் நிலை சரியாகிவிடும்.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். கார் நிற்கும்போது மட்டும் சூடாகிறதா, ஓடும்போதும் சூடாகிறதா? ஓடும்போதும் சூடாகிறது என்றால் குற்றவாளி ஃபேன் இல்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகலாம், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம். அடைத்த ரேடியேட்டருக்கு எத்தனை ஃபேன் வைத்தாலும் பயனில்லை.

அளவு எடுப்பது

ரேடியேட்டர் முகத்துக்கும் வாட்டர் பம்ப் புல்லியின் முனைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து எழுதி வையுங்கள். 16 அங்குல ஃபேனில் மோட்டார் இருக்கும் நடுப்பகுதிதான் ரொம்பத் தடிமன், 3 அங்குலம், சிலவற்றில் 4 அங்குலம் கூட வரும். பம்ப் முனை நீட்டிக்கொண்டிருப்பதும் சரியாக அதே இடத்தில்தான். மாட்டிய பிறகு முக்கால் அங்குலமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும், ஏனென்றால் எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, சட்டென்று பிரேக் போட்டால் கொஞ்சம் முன்னே வரும். இடம் பற்றவில்லையா, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய ஃபேன் உள்ள செட் வாங்குங்கள், மோட்டார்கள் நடுவைவிட்டு ஓரமாகத் தள்ளிப் போய்விடும்.

எஞ்சின் பக்கமிருந்து காற்றை இழுக்கும் வகையையே வாங்குங்கள். முன்னால் நின்று தள்ளும் வகை, வேறு வழியே இல்லாதபோது மட்டும். ரேடியேட்டரை முழுதாக மூடும் உறையோடு வருகிறதா என்றும் பாருங்கள். உறை இல்லாவிட்டால் ஃபேன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி வழியாக மட்டும்தான் காற்று போகும், மூலைகள் சும்மா இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பழைய கார் உடைக்கும் யார்டில் ஃபோர்டு டாரஸின் ஃபேனைத் தேடுவார்கள். நன்றாகக் காற்று இழுக்கும், ஆனால் கரண்டையும் அப்படியே இழுக்கும், முதல் முறை செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆல்டர்னேட்டர்

இதை மறந்துவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கால மஸ்டாங்கின் ஆல்டர்னேட்டர் சாதாரணமாக 38 அல்லது 42 ஆம்பியர், அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்வளவு தராது. ஒரு 16 அங்குல ஃபேன் தனியாகவே 15 முதல் 20 ஆம்பியர் கேட்கும், சுற்ற ஆரம்பிக்கும் அந்த நொடியில் அதைவிட ரொம்ப அதிகம். இரவு, மழை, ஹெட்லைட், வைப்பர், கூடவே ஃபேன் என்றால் பேட்டரிதான் கரையும். பழைய ஃபோர்டு கார் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது 1990-களின் ஃபோர்டு கார்களில் வந்த 3ஜி எனப்படும் 130 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் போடுவது. போட்டால் பழைய சார்ஜிங் வயரை நம்பாதீர்கள், பேட்டரிக்கு 4 கேஜ் வயர் ஒன்றைப் புதிதாக, ஃப்யூஸோடு இழுங்கள். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கழற்றுவது

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். கூலன்டை ஒரு தட்டில் பிடித்து உடனே மூடி வையுங்கள், அது இனிக்கும், நாய் பூனை நக்கிவிடும், விஷம்.

ஃபேனைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டையும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைத் தளர்த்திய பிறகு முயன்றால் ஸ்பானரோடு சேர்ந்து புல்லியும் சுற்றும். அந்த நாலு போல்ட்தான் புல்லியையும் பிடித்திருக்கிறது, அதனால் ஃபேனும், அதற்கும் புல்லிக்கும் நடுவே இருக்கும் ஸ்பேசரும் கழன்று வந்த பிறகு அதே போல்ட்டுகளைத் திரும்பப் போட்டால் நீளம் அதிகமாகிப் பின்னால் போய் பம்ப்பில் இடிக்கும், அல்லது இறுகின மாதிரி தெரிந்து புல்லி ஆடும். அதே மரையில் குட்டையான போல்ட் நாலு வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலையையே தொடங்க வேண்டும்.

மாட்டுவது

சில செட்டோடு ரேடியேட்டர் இதழ்களுக்குள் குத்தி இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் குச்சிகள் வரும். வேண்டாம். அதிர்வில் உரசி உரசிக் குழாயை ஓட்டை போடும். அலுமினியப் பட்டையை வளைத்து, ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பிடித்து, அதில் ஃபேனை மாட்டுங்கள். துளை போடும் முன் ஒரு தடித்த அட்டையை ரேடியேட்டர் முகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டிரில் நழுவினால் அட்டையோடு போகட்டும்.

வயரிங்

ஃபேனுக்குக் கரண்டை ஒரு ரிலே வழியாகக் கொடுக்க வேண்டும், அதாவது சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். முதன்முதலில் ஒரு நண்பரின் செவ்ரோலே செவெல் காருக்கு இதைச் செய்தபோது ரிலே எதற்கு என்று டாஷ்போர்டில் ஒரு சாதாரண சுவிட்ச், ஒல்லியான வயர், அவ்வளவுதான் என்று முடித்தேன். இருபது நிமிடத்தில் சுவிட்ச் உருகி வாடை வந்தது. அவருக்கு ஃபேனைப் போட மறந்துபோவதும் தனிக் கதை.

ரிலேயின் கால்களில் எண் இருக்கும். 30-க்கு பேட்டரியின் பிளஸ், 10 கேஜ் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வைத்து. மஸ்டாங்கில் ஸ்டார்ட்டர் சோலனாய்டின் பேட்டரி பக்கத்து முனையிலிருந்தே எடுக்கலாம், கைக்கு எட்டும் இடம். ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்பதை ஃபேன் செய்தவர்கள் சொன்னபடி போடுங்கள், ஒற்றை 16 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 30. 87-லிருந்து ஃபேனின் பிளஸ், அதுவும் 10 கேஜ். ஃபேனின் மைனஸை பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் எர்த் செய்யுங்கள். 86-க்கு சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட், 85 வெப்ப சுவிட்ச்சுக்கு. 86-க்கான கரண்டை இக்னிஷன் காயிலிலிருந்து எடுக்காதீர்கள், இந்தக் காரில் காயிலுக்குப் போவது ரெசிஸ்டன்ஸ் வயர், அங்கே முழு 12 வோல்ட் கிடைக்காது. ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து எடுங்கள்.

வெப்ப சுவிட்ச்சை இன்டேக் மேனிஃபோல்டில் கூலன்ட் போகும் துளையில் திருகலாம். ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும், டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளிவிடாதீர்கள். அப்புறம் வெப்ப அளவு: தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு) 180 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 200-ல் ஓடத் தொடங்கி 185-ல் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். 175-ல் நிற்பதை வாங்கினால் தெர்மோஸ்டாட் கூலன்டை அந்த அளவுக்கு இறங்கவே விடாது, ஃபேனும் நிற்கவே நிற்காது.

(டாட்ஜ், பிளிமத் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் காரில் கரண்ட் டாஷ்போர்டில் கரண்டை அளக்கும் அம்மீட்டர் வழியாகப் போய்வருகிறது. ஃபேனை பேட்டரியிலிருந்து எடுத்தால் அந்தச் சுமையும் அதன் வழியாகத்தான் வரும். ஆல்டர்னேட்டர் முனையிலிருந்து, ஃப்யூஸோடு எடுங்கள்.)

ஓட்டிப் பார்ப்பது

கூலன்டும் நீரும் பாதிக்குப் பாதி ஊற்றி, ஹீட்டரைத் திறந்து, ரேடியேட்டர் மூடி இல்லாமலே எஞ்சினை ஓடவிட்டு காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை நிரப்பிக்கொண்டே இருங்கள், பிறகு மூடுங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்ததும் ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஃபேனின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும், ஃபேன் பிளக்கில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு இணைப்போ எர்த்தோ சரியில்லை. தொழிற்சாலையில் வந்த சூட்டு மீட்டரில் டிகிரி எண்களே கிடையாது, அதனால் எண் போட்ட மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.

கழற்றிய ஃபேன், ஸ்பேசர், அந்த நாலு நீள போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேலே எழுதி வையுங்கள். என்றாவது காரை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்றுதான்.