கொச்சியில் படகு பார்ப்பது எப்படி: போகும்போது பழசு, திரும்பும்போது புதுசு

கொச்சிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சீனவலை என்கிற ராட்சத மீன்வலை முன்னால் ஒரு போட்டோ, மட்டாஞ்சேரியில் கால் கிலோ மிளகு, அப்புறம் ஆலப்புழை ஹவுஸ்போட் என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரிக்கல் ஆஃபீசராகப் பாதி ஆயுளைக் கழித்த எனக்கு இது வயிற்றெரிச்சல். டீசல் படகு, பேட்டரிப் படகு, சூரிய ஒளிப் படகு மூன்றையும் அடுத்தடுத்து ஏறிப் பார்க்க நம் பக்கத்தில் அந்த ஊரை விட்டால் வேறு இடம் இல்லை. செலவும் சொற்பம். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எந்தப் படகில் ஏறினாலும் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒன்று, சுக்கானைப் பிடித்திருப்பவருக்கும் புரொப்பல்லரைச் சுற்றுவதற்கும் நடுவில் என்ன இருக்கிறது? இரண்டு, படகு கரையோடு எப்படிச் சேர்கிறது? மீதியெல்லாம் தானாகப் புரியும்.

கோவையிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம் போல ஆகும். எறணாகுளம் ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோவில் மெயின் போட் ஜெட்டிக்குப் போங்கள். வார நாள் காலை நல்லது. அங்கே கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகும். கட்டணம் நம்ம ஊர் டவுன் பஸ் அளவுதான். புத்தம் புதிய மாதிரிப் படகு வந்து நின்றால் விட்டுவிடுங்கள். நடுவில் இன்ஜின் இருக்கும் பழைய மாதிரிக்காகக் காத்திருப்பது வீண் போகாது.

அதில் ஏறியதும் இன்ஜினுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், பரவாயில்லை. முன்னால் சுக்கானைப் பிடித்து நிற்பவர் ஸ்ராங்க். அவருக்குத் தண்ணீர் தெரியும், இன்ஜின் அவர் கையில் இல்லை. இன்ஜின் பக்கத்தில் இருப்பவர் டிரைவர். இன்ஜின் அவர் கையில் இருக்கிறது, தண்ணீர் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு கயிறும் ஒரு மணியும். ஸ்ராங்க் கயிற்றை இழுக்கிறார், டிரைவர் தலைக்கு மேலே மணி அடிக்கிறது. அதைக் கேட்டு அவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், ரிவர்ஸ் போடுகிறார். ஜெட்டி நெருங்கும்போது இந்த மணிப் பேச்சு வேகமெடுக்கும். எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே வந்தால், இரண்டாவது ஜெட்டிக்குள் அவர்கள் பாஷை உங்களுக்குப் பிடிபட்டுவிடும். பெரிய கப்பல்களில் பிரிட்ஜுக்கும் (கப்பலைச் செலுத்தும் மேல் அறை) இன்ஜின் ரூமுக்கும் நடுவில் டெலிகிராஃப் என்ற கட்டளைக் கருவி இருக்கிறதே, அதன் வேலையும் இதேதான்.

கரை சேரும்போது லாஸ்கர் என்ற படகு ஊழியர் கயிற்றோடு குதித்து, ஜெட்டிக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பார். படகு முனகிக்கொண்டு நிற்கும். கொச்சியில் கடல் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர் போதும், ஒரு வேளை படியில் சாதாரணமாகக் கால் வைக்கலாம், இன்னொரு வேளை தாவி இறங்க வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப்போனால் இந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் தெற்கே தெரிவது வில்லிங்டன் தீவு. அது இயற்கையாக இருந்த தீவு இல்லை, பெரும்பகுதி தோண்டிப் போட்ட மண். துறைமுகத்தின் வாயில் ஒரு மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைச் சின்னப் படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி வழி விட்டார். 1928-இல் முதல் கப்பல் உள்ளே வந்தது. அப்போது தோண்டிய சேற்றை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இந்தத் தீவு. வடக்கே தெரியும் ராட்சத கிரேன்கள் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் சீனவலைக்குத்தான் எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். ஆனால் வலையைப் பார்க்காதீர்கள், பின்னால் தொங்கும் கற்களைப் பாருங்கள். நம்ம ஊர் ஏற்றத்தில் ஒரு முனையில் சால், மறுமுனையில் பாரம் என்று இருக்குமே, அதே கணக்குதான். ஐந்தாறு பேர் சேர்ந்து இவ்வளவு பெரிய மரச்சட்டத்தைத் தூக்க முடிவது அந்தக் கற்களால்தான். நுட்பம் எங்கே என்றால், கற்கள் எல்லாம் ஒரே நீளக் கயிற்றில் கட்டப்பட்டிருக்காது. வலை மேலே வர வர ஒவ்வொரு கல்லாகக் கீழே மேடையில் அமர்ந்துவிடும். அதனால் எதிர்ப்பாரம் படிப்படியாகக் குறைந்து, எந்த நிலையிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். மோட்டார் இல்லை, கியர் இல்லை. இதைக் கட்டியவன் என் முன்னால் வந்தால் கும்பிடுவேன். கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள், போய் இழுங்கள், கையில் எடை தெரியும். காசு எதிர்பார்ப்பார்கள், அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. 1524-இல் கொச்சியில் இறந்தார், 1539-இல் எச்சங்களைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். பத்து நிமிடம் போதும். கடற்படை நடத்தும் கடல்சார் அருங்காட்சியகம் அதைவிட நேரம் செலவழிக்கத் தகுந்தது.

திரும்பும்போது வாட்டர் மெட்ரோ என்ற பேட்டரிப் படகுச் சேவை. சீனவலைகளுக்குப் பக்கத்திலேயே நிலையம். ஹைகோர்ட் நிலையத்துக்கு டிக்கெட் 40 ரூபாய் அளவில் இருக்கும். சனி ஞாயிறு வரிசை நீளும். படகில் 100 பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், எண்ணித்தான் விடுவார்கள்.

ஏறும்போதே நின்று காலடியைப் பாருங்கள். படகுத் தளமும் நிலையத்தின் தளமும் ஒரே மட்டம். சக்கர நாற்காலி நேராக உருண்டு போகும். காரணம், நீங்கள் நிற்பது கரை இல்லை, மிதக்கும் மேடை. தண்ணீர் ஏறினால் படகோடு சேர்ந்து மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். காலையில் தாவி இறங்கினீர்களே, அந்த ஒரு மீட்டர் இங்கே காணாமல் போய்விட்டது. 2023 ஏப்ரலில் இந்தச் சேவை தொடங்கியபோது எல்லோரும் பேட்டரியைப் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால் பாதி வெற்றி இந்த மேடைதான்.

புறப்படும்போது பேச்சை நிறுத்திவிட்டு உள்ளங்கால்களைத் தரையில் அழுத்தி வையுங்கள். அதிர்வே இருக்காது. மின்மோட்டார்தான் புரொப்பல்லரைச் சுற்றுகிறது. அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரும் உண்டு, அது ஓடினால் காலே சொல்லிவிடும். பேட்டரி லித்தியம் டைட்டனேட் வகை. அதே எடைக்கு மற்ற லித்தியம் பேட்டரிகளைவிடக் குறைவான மின்சாரத்தைத்தான் சேமிக்கும், விலையும் அதிகம். அப்படியிருந்தும் ஏன் இது? சீக்கிரம் சார்ஜ் ஆகும், கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. தண்ணீர் நடுவில் 100 பேரோடு போகும் படகுக்கு நானும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம் பின்பக்கக் கண்ணாடி வழியாக அலையைப் பாருங்கள். அலுமினியத்தில் செய்த இரண்டு ஒல்லியான அடிக்கூடுகள் என்பதால் படகு தண்ணீரை அதிகம் கிழிக்காது. அலை சின்னதாக இருந்தால் கரையோரம் வள்ளத்தில் வலை போடுகிறவருக்குத் தொந்தரவு இல்லை. ஒரே குறை, ஏசி போட்டு மூடிவிட்டார்கள். உப்புக்காற்று கிடையாது.

இந்தப் படகுகளைக் கட்டியது அங்கேயே உள்ள கொச்சி கப்பல் கட்டும் தளம். 262 மீட்டர் நீளமுள்ள விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலும் அங்கே பிறந்ததுதான், 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு நார்வேக்கு அனுப்பிய மாரிட், தெரேஸ் என்ற இரண்டு மின்படகுகள் அதிகம் பேருக்குத் தெரியாது. லாரி டிரெய்லர்களை ஏற்றிக்கொண்டு ஓஸ்லோ ஃபியர்ட் என்ற கடல் நீட்சியைக் கடப்பவை, பிற்காலத்தில் ஆளில்லாமலே ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டவை. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிகலத்தில் ஓடும் படகு ஒன்றும் அங்கே செய்தார்கள். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழா மேடையிலிருந்துதான் அதைத் தொடங்கி வைத்தார்கள், ஓடும் இடம் வாரணாசி. தளத்துக்குள் நம்மை விடமாட்டார்கள், கிரேன்களைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். கடற்படைப் பகுதியை மட்டும் படம் எடுக்காதீர்கள்.

மரக்கலம் கட்டுவதைப் பார்க்க ஆசையென்றால் கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூர் போய் உரு என்ற பெரிய மரக்கப்பல்களைப் பார்க்க வேண்டும். அது தனிப் பயணம்.

மறுநாள் ஒன்று பாக்கி இருக்கிறது. வைக்கத்துக்கு பஸ் பிடியுங்கள். அங்கே வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குப் போகும் ஆதித்யா, 2017 ஜனவரியிலிருந்து சூரிய ஒளியில் ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். வெயில் நன்றாக அடிக்கும்போதுகூடக் கூரையில் உள்ள சூரிய மின்பலகைகள் தருவது அதிகபட்சம் 20 கிலோவாட்தான். அவ்வளவில் ஓட வேண்டுமானால் படகு எடை குறைவாக இருக்க வேண்டும், வேகத்துக்கு ஆசைப்படக் கூடாது. கூரை அகலமாக வேண்டும் என்பதற்கும் இரட்டை அடிக்கூடு வசதியாகிவிட்டது. கால் மணி நேரத்தில் அக்கரை. ஜெட்டியில் விசாரித்துவிட்டு ஏறுங்கள், அதே வழியில் வேறு படகுகளும் ஓடுகின்றன. பகல் பதினொரு மணிக்கு மேல் போனால் நல்ல வெயிலில் பார்க்கலாம்.

திரும்பி வந்ததும் ஆட்டோவில் சில நிமிடத்தில் பெரியார் நினைவகம். தமிழக அரசு புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு எறணாகுளம் பஸ் ஏறினால் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம்.