ஊசி போடாத நேரத்திலும் சுண்டெலியைக் கவனிப்பது எப்படி: விலங்குக் கூடத்தில் நுழையும் ஆய்வு மாணவருக்கு

ஊசி போடும் 5 நிமிடத்தைப் பற்றி, விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு குடைந்து குடைந்து கேட்கும். மீதி 23 மணி 55 நிமிடமும் சுண்டெலி கூண்டில்தான் கிடக்கிறது. தண்ணீர் பாட்டில் அடைத்துக்கொள்வது, அறை குளிர்ந்துபோவது, வாலைப் பிடித்துத் தூக்குவது, விடுமுறை நாளில் யாரும் எட்டிப் பார்க்காதது போன்ற சில்லறைக் காரியங்களே விலங்கை வாட்டுகின்றன, கூடவே தரவையும் கெடுக்கின்றன. கீழே உள்ள அளவுகள் சுண்டெலிக்கும் எலிக்கும் உரியவை. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் அப்படியே பொருத்த வேண்டாம்.

விண்ணப்பம் எழுதும்போதே

1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற பிரிட்டன் அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று கேள்விகள் இன்றும் எல்லா விண்ணப்பங்களிலும் உண்டு. விலங்கு இல்லாமல் செய்ய முடியுமா? இன்னும் குறைந்த விலங்குகளில் முடியுமா? படும் துன்பத்தைக் குறைக்க முடியுமா? பலரும் சறுக்குவது இரண்டாவதில். "குழுவுக்கு 6" என்பது முந்தைய ஆய்வேட்டிலிருந்து எடுத்து எழுதிய எண். கணக்குப் போட்டு வந்ததாக இருக்காது.

கணக்கு இப்படி: இரு குழுக்களின் சராசரிகளை டி-சோதனை என்ற புள்ளியியல் முறையால் ஒப்பிடுகிறீர்கள். 5% முக்கியத்துவ மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80% சோதனைத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு). சராசரிகளின் வித்தியாசம் ஒரு திட்ட விலக்கம் (அளவீடுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தால் குழுவுக்கு 17 விலங்கு தேவை. அரை திட்ட விலக்கம்தான் என்றால் 64. இந்த வித்தியாசத்தைக் குழுவுக்கு 6 விலங்கில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, 12 உயிரும் வீண். விலங்கைக் குறைப்பது என்றால் பதில் சொல்லக்கூடிய மிகக் குறைந்த எண்ணிக்கை என்று பொருள். அதற்கும் கீழே போவது சிக்கனம் ஆகாது.

மருந்தைக் குடிநீரிலோ தீவனத்திலோ கலந்தால், ஒரு கூண்டில் இருக்கும் 4 சுண்டெலியும் சேர்ந்து ஒரே அலகு. இதை மறந்து 4 என்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. குழு பிரிக்கும்போது கைக்கு அகப்பட்ட வரிசையில் எடுக்காதீர்கள். முதலில் அகப்படுவது பெரும்பாலும் மந்தமான விலங்கு, அவை எல்லாம் ஒரே குழுவில் போய்ச் சேரும். சமவாய்ப்பு எண்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அளவீடு செய்பவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

எப்போது நிறுத்துவது என்பதையும் இப்போதே எண்ணாக எழுதிவிடுங்கள். "உடல்நிலை மோசமானால்" என்று எழுதினால் இரவு 9 மணிக்கு அது யாருக்கும் உதவாது. தொடக்க எடையில் 20% குறைந்தால், 5-க்கு அளக்கும் உடற்கட்டு மதிப்பெண் 2-க்குக் கீழே போனால், சுண்டெலியின் கட்டி 20 மி.மீ. விட்டத்தைத் தொட்டால் அல்லது புண்ணாகி உடைந்தால் சோதனை முடிவு, என்பதுபோல இருக்க வேண்டும். கட்டி வளரும் விலங்கில் எடையை மட்டும் நம்பாதீர்கள். உடல் கரைந்துகொண்டிருக்கும், கட்டியின் கனம் அதை மறைத்துவிடும். இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் விரலால் தடவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு, அவர் இல்லையென்றால் யாருக்கு என்பது தொலைபேசி எண்ணோடு அறைக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும்.

வந்து இறங்கியதும்

பயணத்தில் சுண்டெலி எடை இழக்கும், நீர் வற்றும், அழுத்த ஹார்மோன் ஏறும். குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம், தொடாமல் விடுங்கள். இரவு-பகல் சுழற்சியைத் தலைகீழாக்கினால் 2 வாரம். புதிய இடத்திலிருந்து வந்தவற்றைத் தனி அறையில் வைத்து, ஒட்டுண்ணி, வைரஸ் பரிசோதனை முடிவு வந்தபின் மற்றவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசிப்புழு என்ற குடல் ஒட்டுண்ணி ஒரு கூண்டில் நுழைந்தால் போதும், மொத்தக் கூடத்துக்கும் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

அறையும் கூண்டும்

அறை வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் என்பது பொதுவான வரம்பு. அது வேலை பார்க்கும் மனிதருக்குச் சுகம். சுண்டெலிக்கு இதமானது ஏறக்குறைய 30 டிகிரி, அதன் சிறிய உடல் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. அறையை 30-க்கு ஏற்ற முடியாது. ஆகவே கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் கூடுகட்டும் பொருள் போடுங்கள். சுருட்டிய காகிதத் துண்டும் பஞ்சுச் சதுரமும் நல்லவை. நன்றாக இருக்கும் சுண்டெலி ஓர் இரவில் சுவர் எழுப்பி, கிண்ணம்போல் கூடு கட்டிவிடும். காலையில் பொருள் அப்படியே சிதறிக் கிடந்தால் அந்தக் கூண்டில் ஏதோ சரியில்லை. காசு செலவில்லாத நோய்க் குறி இது.

ஈரப்பதம் 40 முதல் 70%. அதற்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் எலிக்குட்டிகளின் வாலில் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்து, சில நேரம் வால் நுனி அழுகிப்போகும். காற்று மணிக்கு 10 முதல் 15 தடவை மாற வேண்டும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவை மூக்கால் மதிப்பிடாதீர்கள். தினமும் உள்ளே போகிறவரின் மூக்கு பழகிவிடும். படுக்கையை வாரம் ஒரு முறை, தனிக் காற்றோட்டக் கூண்டில் 2 வாரத்துக்கு ஒரு முறை மாற்றலாம். அதற்கும் மேல் அடிக்கடி மாற்றுவது தூய்மையாகத் தோன்றும். சுண்டெலிக்கோ அது வீடு பறிபோவதுதான், வாசனை அடையாளம் முழுக்கத் தொலைகிறது. சேர்ந்து வாழும் ஆண் சுண்டெலிகள் மாற்றிய அன்று இரவே கடித்துக்கொள்ளும். பழைய கூட்டிலிருந்து ஒரு கைப்பிடியைப் புதிய கூண்டில் போட்டால் சண்டை குறையும். எடுப்பது கூட்டிலிருந்து இருக்கட்டும், சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து வேண்டாம். குட்டி போட்ட முதல் சில நாட்கள் கூண்டைத் தொடவே வேண்டாம், கலவரப்பட்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடக்கூடும்.

விளக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும், 12 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். டைமர் கெட்டுப்போனால் கண்டுபிடிக்க நாளாகும் என்பதால் வாரம் ஒரு முறை இருட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளை நிற, சிவப்புக் கண் இனங்களின் விழித்திரையை மிகை ஒளி அழித்துவிடும். அடுக்கின் மேல்தட்டுக்கு வரும் ஒளி கீழ்த்தட்டுக்கு வராது. ஒரு குழு முழுவதையும் மேல்தட்டில் வைத்தால் மருந்தின் விளைவையும் ஒளியின் விளைவையும் பிரிக்க முடியாது. குழுக்களை எல்லாத் தட்டுகளிலும் கலந்து வையுங்கள். சத்தமும் அப்படித்தான். நம் காதுக்கு எட்டாத மீயொலி சுண்டெலிக்குக் கேட்கும். கணினித் திரை, கிரீச்சிடும் தள்ளுவண்டிச் சக்கரம், மீயொலிச் சுத்திகரிப்பான் எதையும் அந்த அறையில் வைக்காதீர்கள்.

தண்ணீர் பாட்டில்

சுண்டெலி நாளொன்றுக்கு 4 முதல் 6 மி.லி. குடிக்கும், எலி 25 முதல் 45 மி.லி. பாட்டிலால் வரும் கேடு இரண்டு விதம். பாட்டிலின் மூக்கு (நீர் வரும் குழாய்) அடைத்தால் பாட்டில் நிறைந்திருக்க, விலங்கு ஓரிரு நாளில் வறண்டு சாகும். கசிந்தாலோ படுக்கை முழுதும் நனைந்து, விலங்கு குளிரில் விறைத்துவிடும்.

மாட்டும் முறை: நிரப்பி மூடி, கூண்டுக்கு வெளியே கவிழ்த்துப் பிடியுங்கள். முதலில் சில துளி விழுந்து நிற்க வேண்டும். நிற்காமல் சொட்டினால் மூடியின் ரப்பர் வளையம் சரியில்லை. பிறகு உறை அணிந்த விரலால் மூக்கின் குண்டைத் தட்டுங்கள். ஒரு துளி வந்து, உள்ளே காற்றுக் குமிழி ஏறினால் ஓட்டம் உண்டு. மூக்கு நுனி படுக்கையில் முட்டாமல் மாட்டுங்கள். படுக்கைத் துகள் தொட்டால் நீர் திரிபோல உறிஞ்சப்பட்டு ஒரே இரவில் காலியாகும். நீர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, மறுநாள் காலை பாருங்கள். கோடு அசையவில்லை என்றாலும் ஆபத்து, பாதி இறங்கியிருந்தாலும் ஆபத்து.

21-ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கும் குட்டிக்கு மூக்கு எட்டாமல் போகலாம். நீண்ட மூக்குள்ள பாட்டில் மாட்டி, நனைத்த தீவனத்தைக் கூண்டுத் தரையில் 2, 3 நாள் வையுங்கள், தினமும் மாற்றி. தீவன மூட்டையில் அரைத்த தேதியைப் பாருங்கள், மூட்டை பிரித்த தேதியைப் பார்த்துப் பயனில்லை. வழக்கமான ஆயுள் அரைத்ததிலிருந்து 6 மாதம்.

கையில் எடுப்பது

வாலைப் பிடித்துத் தூக்குவது பழைய பழக்கம். குழாயிலோ குவித்த கையிலோ எடுக்கப்பட்ட சுண்டெலிகள் மனிதக் கையை நாடி வருவதையும், பதற்றம் குறைந்திருப்பதையும் 2010-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஏறக்குறைய 5 செ.மீ. விட்டம், 13 செ.மீ. நீளமுள்ள ஒளிபுகும் குழாயைக் கூண்டிலேயே வைத்துவிடுங்கள். எடுக்கும்போது குழாயைக் கூண்டுச் சுவரோரம் படுக்கவைத்து, மறுகையால் விலங்கைப் பின்னிருந்து மெல்ல ஒதுக்கினால் தானே நுழையும். இரு முனையையும் கையால் மறைத்துத் தூக்குங்கள். பழகிய பிறகு வாலைப் பிடிப்பதைவிட அதிக நேரம் ஆகாது. ஆய்வு மாணவர் குழாயில் எடுத்து, கூண்டு மாற்றும் ஊழியர் வாலைப் பிடித்தால் பயனில்லை. இருவருக்கும் ஒரே பயிற்சி வேண்டும். எலியைத் தோளைச் சுற்றி முழுக்கையால் எடுங்கள். வால் நுனியைப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

யார் கையாண்டார் என்பதையும் குறித்து வையுங்கள். மனித ஆண்களின் வாசனைக்கே கொறிணிகள் (சுண்டெலி, எலி போன்றவை) அழுத்தமடைந்து வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று 2014-இல் ஓர் ஆய்வு கண்டது. பாதி அளவீட்டை ஒருவரும் பாதியை இன்னொருவரும் எடுத்தால் அந்த வித்தியாசமும் உங்கள் தரவுக்குள் வந்து உட்காரும்.

ஊசி, இரத்தம்: எவ்வளவு

25 கிராம் சுண்டெலிக்கு வயிற்றறை ஊசி அதிகபட்சம் 0.5 மி.லி., வாய்வழியும் தோலடியும் 0.25 மி.லி. 25 முதல் 27 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசி, விலங்குக்கு ஒன்று. ஒரே ஊசியைத் திரும்பக் குத்தினால் முனை மழுங்கி வலி கூடும். திரவத்தை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஏற்றுங்கள். வயிற்றறை ஊசிக்குத் தலையைச் சற்றே தாழ்த்திப் பிடித்து, விலங்கின் வலக் கீழ்ப்பகுதியில் குத்துங்கள். இடப்பக்கம் பெருங்குடலின் பை இருக்கிறது. பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுங்கள். மஞ்சளாகவோ பச்சைப் பழுப்பாகவோ ஏதாவது வந்தால் சிறுநீர்ப்பையிலோ குடலிலோ இருக்கிறீர்கள். அந்தச் சிரிஞ்சை எறிந்துவிட்டுப் புதியது எடுங்கள்.

25 கிராம் சுண்டெலியின் மொத்த இரத்தம் ஏறக்குறைய 1.8 மி.லி.தான். ஒரு முறைக்கு அதில் 10%, அதாவது 0.18 மி.லி., எடுத்தால் 2 வாரம் ஓய்வு. "ஒரு அரை மி.லி. கிடைத்தால் போதும்" என்று கேட்பவர்கள் கால் பங்குக்கும் மேல் கேட்கிறார்கள். ஆய்வு முறைக்கு அவ்வளவு பிளாஸ்மா வேண்டுமென்றால் முறையை மாற்றுங்கள்.

வலி

இரையாகும் விலங்கு வலியை மறைக்கும். ஆள் வந்ததும் விறைப்பாக நின்றுவிடும். கூண்டைத் திறக்காமல் ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். சுருங்கிய கண், புடைத்த மூக்கு, புடைத்த கன்னம், பின்னுக்குப் போன காது, நிலை மாறிய மீசை: இந்த ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முகக்குறி அளவுகோல் 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. எலியின் கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் இரத்தம் என்று பதறாதீர்கள், அது கண் சுரப்பியின் நிறமி. ஆனால் நோய், அழுத்தம் இரண்டின் அடையாளமும் அதுதான்.

அறுவைக்கு முன்பே வலிநிவாரணி போடுங்கள், விழித்தபின் அல்ல. எதை, எவ்வளவு என்பது கால்நடை மருத்துவர் முடிவு. சுண்டெலிக்கு வழக்கமான புப்ரினார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி. தோலடியில். அது சில மணி நேரமே நிற்கும். மாலை 5 மணிக்கு அறுவை செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் இரவெல்லாம் விலங்கு வலியில்தான் கிடக்கும். காலையில் தொடங்குங்கள், வார இறுதிக்கு முந்தைய நாளில் வேண்டாம். வலிநிவாரணி தரவைக் கெடுக்கும் என்பார்கள். தணிக்காத வலியும் ஹார்மோனை, நோயெதிர்ப்பை, உணவை மாற்றுகிறது, அதற்குக் கட்டுப்பாட்டுக் குழுவும் கிடையாது. கொறிணிகளால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டாம். மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும், களிம்பு இடுங்கள். விழிக்கும் வரை கீழே மிதமான சூடு வேண்டும்.

கடைசி நாள்

விலங்கைக் கருணைக்கொலை செய்யக் கார்பன் டைஆக்சைடு பயன்படுத்தினால் பெட்டியை முன்பே நிரப்பி வைக்காதீர்கள். செறிந்த வாயு மூக்கிலும் கண்ணிலும் எரியும். விலங்கைச் சொந்தக் கூண்டிலேயே, அதன் துணைகளோடு வைத்து, நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70% வீதம் செலுத்துங்கள். 30 × 20 × 15 செ.மீ. பெட்டி என்றால் 9 லிட்டர், ஆக நிமிடத்துக்கு 2.7 முதல் 6.3 லிட்டர். ஓட்டமானி இல்லாமல் வால்வைக் கணக்காகத் திருப்புவது முடியாத காரியம். மூச்சு நின்றபின் குறைந்தது ஒரு நிமிடம் வாயு ஓடட்டும். அதன் பிறகு கழுத்தெலும்பை விலக்கியோ மார்பறையைத் திறந்தோ சாவை உறுதி செய்யுங்கள். உறுதி செய்யாமல் உறைபெட்டியில் போட்டு, அங்கே விலங்கு விழித்தெழுவது நடக்கக்கூடியது. 10 நாளுக்குட்பட்ட குட்டிகள் ஆக்சிஜன் இல்லாமலே நெடுநேரம் தாங்கும், 50 நிமிடம்கூட ஆகலாம். அவற்றுக்கு வேறு முறையை மருத்துவரிடம் கேட்டு முன்பே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

பதிவேட்டில் சோதனையில் பயன்பட்டவற்றோடு, மரபணு பொருந்தாமல் கழித்தவை, பாட்டில் கசிந்து இறந்தவை, இடையில் நீக்கியவை எல்லாவற்றுக்கும் எண்ணும் காரணமும் இருக்க வேண்டும். விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும், 2020-இல் திருத்தப்பட்ட அரைவ் (ARRIVE) வழிகாட்டுதல் கட்டுரையிலும் இவற்றைக் கேட்கிறது.