கேமரா கிரிப் ரப்பர் உப்பிடுச்சா? வீட்டுலயே மாத்தலாம், ஆனா எல்லாத்தையும் மாத்தணும்னு இல்ல

நிக்கான் டிஎஸ்எல்ஆர் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடம்பு) கொஞ்ச வருஷம் நல்லா ஓடிச்சுன்னா கட்டைவிரல் வைக்கிற இடத்துல ரப்பர் உப்பிக்கும், அப்புறம் ஓரம் தூக்கும், அந்த இடுக்குல தூசியும் வேர்வையும் சேர்ந்து கருப்பா ஒரு பிசுக்கு படியும். கையில இருக்கிற எண்ணெய், சன்ஸ்கிரீன், கொசு க்ரீம் இதையெல்லாம் ரப்பர் உறிஞ்சி விரியுறதுதான் காரணம், ஒரு தடவை விரிஞ்சா பழைய அளவுக்கு வரவே வராது. அதனால "திருப்பி ஒட்டிடலாம்"னு நினைக்காதீங்க, ஒட்டுன மறுவாரமே ஓரம் எட்டிப் பார்க்கும். புது ரப்பர்தான் வழி.

நான் இங்க டி7000 வச்சு சொல்றேன். 2010ல வந்த பாடி, இன்னிக்கும் நிறைய பேருக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்குற முதல் கேமரா. வேற மாடலா இருந்தாலும் முறை இதேதான், ரப்பரோட வடிவம் மட்டும் மாறும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. வெளிய தெரியுற ஒவ்வொரு அடையாளத்தையும் சரி பண்ணணும்னு கிளம்பிடாதீங்க. கை பிடிக்கிறது, கண்ணு வைக்கிறது, தண்ணியும் தூசியும் உள்ள போகாம தடுக்கிறது, கேமராவை கழுத்துல தாங்குறது, இந்த நாலுல எதுலயாவது சேதம்னா மாத்துங்க. மேல் கவர்ல கீறல், மூலையில பெயின்ட் போய் உலோகம் தெரியுது, அடித்தட்டுல ட்ரைபாட் தேய்ச்ச வட்டம், இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். படத்துல அது வராது.

என்னென்ன வேணும்

உங்க மாடலுக்கான ரப்பர் செட் ஆன்லைன்ல கிடைக்கும், முன் கிரிப், கட்டைவிரல் பகுதி, இடது பக்கம்னு தனித்தனியாவும் விப்பாங்க. பெரும்பாலும் பின்னாடி டேப் ஒட்டியே வரும். இல்லைன்னா மெல்லிசான டபுள் சைடு டேப் வாங்கிக்கோங்க, பஞ்சு மாதிரி தடியா இருக்கிற ஃபோம் டேப் வேணாம், ரப்பர் மேல தூக்கி நிக்கும். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, மைக்ரோஃபைபர் துணி, ஒரு பிளாஸ்டிக் ட்வீசர், காலாவதியான ஏடிஎம் கார்டு, வீட்டுல இருக்கிற ஹேர் ட்ரையர். ஸ்க்ரூ டிரைவர் எடுக்கவே வேணாம், இந்த வேலையில ஒரு ஸ்க்ரூவைக்கூட கழட்டப் போறதில்ல.

வாங்கக்கூடாததையும் சொல்லிடறேன். ஃபெவிக்விக் மாதிரி உடனே பிடிக்கிற பசை வேணவே வேணாம், அதோட ஆவி பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக்லயும் கண்ணாடியிலயும் வெள்ளையா படியும், அடுத்த தடவை உரிக்கவும் முடியாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் ரெண்டும் பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும்.

ஸ்டெப் 1: பேட்டரி, கார்டு ரெண்டையும் வெளிய எடுங்க. லென்ஸைக் கழட்டிட்டு பாடி கேப் போடுங்க, இல்ல லென்ஸ் மாட்டினபடியே விடுங்க, லென்ஸ் மாட்டுற வாய், அதாவது மவுன்ட், மட்டும் திறந்து கிடக்கக்கூடாது. கீழ ஒரு துண்டு விரிச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: பழைய ரப்பரை நல்ல வெளிச்சத்துல நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. எந்த ஓட்டை எந்த பட்டனுக்கு, எந்த விளிம்பு எந்த பள்ளத்துக்குள்ள போகுதுன்னு அப்புறம் சந்தேகம் வரும்போது இதுதான் கைகொடுக்கும்.

ஸ்டெப் 3: ஹேர் ட்ரையரை குறைஞ்ச சூட்டுல வச்சு, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, ரப்பர் மேல மட்டும் ஆட்டிக்கிட்டே காட்டுங்க. தொட்டா வெதுவெதுப்பா இருந்தா போதும், ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, எல்சிடி பக்கம் திருப்பாதீங்க. பசை இளகினதும் ஏற்கனவே தூக்கி நிக்கிற ஓரத்துல ட்வீசரை விட்டு மெதுவா இழுங்க. மேல் நோக்கி பிய்க்காம, ரப்பரை மடிச்சு பாடியோட ஒட்டின மாதிரியே பின்னாடி கொண்டு போங்க, அப்பதான் முழுசா வரும். ரப்பருக்கு அடியில சில ஸ்க்ரூ தெரியும், அதைப் பார்த்ததும் கை பரபரக்கும், தொடாதீங்க.

ஸ்டெப் 4: மொத்த வேலையும் இதுலதான் இருக்கு, அவசரப்பட்டீங்கன்னா புது ரப்பரும் உரியும். ரப்பர் வந்த இடத்துல பழுப்பா ஒரு படலம் இருக்கும், விரலால தேய்ச்சா சுருண்டு சுருண்டு சின்ன உருண்டையா வரும். முதல்ல ஆல்கஹால் போடாம கட்டைவிரலாலயே தேய்ச்சு உருட்டி எடுங்க, பாதிக்கு மேல அதுலயே வந்துடும். மிச்சத்தை ஏடிஎம் கார்டு ஓரத்தால வழிச்சுட்டு, கடைசியா பஞ்சுக் குச்சியை ஆல்கஹால்ல நனைச்சு, பிழிஞ்சு, துடைங்க. பாட்டிலை நேரா பாடி மேல சாய்க்காதீங்க, பட்டன் இடுக்குல இறங்கும். பஞ்சு அழுக்காகாம வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க, முக்கியமா விளிம்பு பள்ளங்கள்ல. அப்புறம் ஈரம் காய விடுங்க.

ஸ்டெப் 5: டேப் பேப்பரை உரிக்கிறதுக்கு முன்னாடி புது ரப்பரை சும்மா வச்சுப் பாருங்க. டூப்ளிகேட் செட்ல ஓட்டை ஒரு மயிரிழை தள்ளி இருக்கும், பட்டன் அமுங்கினா திரும்பி வராம மாட்டிக்கும், அப்படின்னா கூரான பிளேடால அந்த ஓட்டையை லேசா சீவிக்கோங்க. ஒட்டுனதுக்கு அப்புறம் பாடி மேல வச்சு சீவுற வேலை வேணாம்.

ஸ்டெப் 6: பட்டனோ ஓட்டையோ இருக்கிற பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க, அதுதான் நகர முடியாத இடம். அங்க பொருத்திட்டு, டேப் பேப்பரை கொஞ்சம் கொஞ்சமா உரிச்சுக்கிட்டே விரலால தடவி ஒட்டிட்டுப் போங்க. ரப்பரை இழுத்து ஒட்டக்கூடாது, இழுத்தா அது திரும்ப சுருங்கப் பார்க்கும், ஓரம் கிளம்பிடும். கடைசியில ஏடிஎம் கார்டு ஓரத்தால விளிம்பை பள்ளத்துக்குள்ள அழுத்தி விடுங்க, முழுசா இன்னொரு தடவை லேசா சூடு காட்டி கையால பிடிச்சு அமுக்குங்க. ஒரு ராத்திரி அப்படியே வச்சுட்டு அப்புறம் எல்லா பட்டனையும் டயலையும் அமுக்கி, சுத்திப் பாருங்க.

மத்த சின்ன பார்ட்ஸ் இதைவிட சுலபம். டி7000க்கு கண்ணு வைக்கிற இடத்து ரப்பர், அதாவது ஐகப், டிகே-21, ரெண்டு பக்கமும் பிடிச்சு மேல தள்ளினா வந்துடும். எல்சிடி மேல இருக்கிற பிளாஸ்டிக் கவர் பிஎம்-11, கீழ் ஓரத்தைப் பிடிச்சு வெளிப்பக்கமா இழுங்க. ஃப்ளாஷ் மாட்டுற இடத்து மூடி பிஎஸ்-1, நேரா சொருகலாம். ஸ்ட்ராப் மாட்டுற முக்கோண வளையம் தேய்ஞ்சிருந்தா ரப்பருக்கும் முன்னாடி அதை மாத்துங்க, அழகுக்காக இல்ல, கேமரா கீழ விழாம இருக்க.

மேல் கவர் நெளிஞ்சிருக்கு, அதையும் மாத்தலாமான்னு கேட்பீங்க. வீட்டுல வேணாம். அதுக்குள்ள பாப்-அப் ஃப்ளாஷோட கெப்பாசிட்டர் இருக்கு, பேட்டரியை எடுத்த அப்புறமும் 300 வோல்ட் அளவுக்கு சார்ஜ் அதுல நிக்கலாம், கை பட்டா தூக்கி அடிக்கும். போதாததுக்கு ஜப்பான் கேமரா ஸ்க்ரூ பலதும் ஜேஐஎஸ்ங்கிற ஜப்பான் தர அளவு வகை, பார்க்க ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், சாதா ஸ்டார் டிரைவர் போட்டா தலை வழுக்கிடும். லென்ஸ் மவுன்ட் வளையமும் அப்படித்தான். நிக்கானோட லென்ஸ் மாட்டுற அமைப்பான எஃப் மவுன்ட்ல வளையத்துலேர்ந்து படம் பதியுற சென்சாருக்கு 46.5 மில்லிமீட்டர் தூரம், அது துளி மாறினாலும் போகஸ் கெட்டுப் போகும். கீறல் விழுந்த வளையத்தோடயே ஓட்டுங்க.

நம்ம ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம், செகண்ட் ஹேண்ட் கேமரான்னா முதல் கேள்வியே "பாடி ஸ்க்ராட்ச் இல்லாம இருக்கா?"ங்கிறதுதான். ஷட்டர் கவுன்ட் (இதுவரை ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குங்கிற கணக்கு) எவ்வளவு, சென்சார்ல கீறல் இருக்கா, லென்ஸுக்குள்ள பூஞ்சை இருக்கான்னு அப்புறம்தான் கேட்பாங்க, சில பேர் கேட்கவே மாட்டாங்க. டி7000 ஷட்டரை நிக்கான் 1,50,000 தடவைக்கு சோதிச்சதா சொல்லியிருக்கு. பளபளன்னு இருந்து அந்த அளவைத் தாண்டின பாடியைவிட, மூலை தேய்ஞ்சு 30,000ல நிக்கிற பாடிதான் எனக்கு வேணும். பெட்டியிலயே படுத்துக் கிடந்த புத்தம்புது லென்ஸ் நம்ம ஊர் ஈரக் காத்துல பூஞ்சை பிடிச்சு வர்றதும் உண்டு.

அந்தப் பக்கம் இன்னொரு கூத்து. ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்கா 2015ல எம்-பி கரஸ்பான்டன்ட்னு பாடகர் லென்னி க்ராவிட்ஸ் வடிவமைச்ச ஒரு செட்டை விட்டாங்க, மொத்தம் 125தான். பெயின்ட் தேய்ஞ்சு பித்தளை தெரியுற மாதிரி ஃபேக்டரியிலயே கையால உரசி விட்டது! பழைய ஃபிலிம் கேமரா சேகரிக்கிறவங்களும் புதுசா பெயின்ட் அடிச்ச பாடியைவிட தேய்ஞ்ச ஒரிஜினல் பெயின்ட்டுக்குத்தான் கூட விலை கொடுப்பாங்க. அதனால தாத்தாவோட கேமரா கையில கிடைச்சா பாலிஷ் போட ஓடாதீங்க.

ரப்பர் மாத்தின கேமராவை விக்கிறீங்கன்னா விளம்பரத்துலயே "கிரிப் ரப்பர் புதுசு"ன்னு ஷட்டர் கவுன்ட்டோட சேர்த்து போட்டுடுங்க. நீங்க வாங்கப் போற இடத்துல பழைய பாடிக்கு ரப்பர் மட்டும் புதுசா மினுங்குச்சுன்னா தயங்காம கவுன்ட் கேளுங்க, அவங்க அனுப்புற போட்டோவை நம்பாம நீங்களே ஒரு படம் எடுத்து அந்த ஃபைலுக்குள்ள பதிவாகியிருக்கிற கவுன்ட்டை செக் பண்ணுங்க.